மேலே போகும் நாணயம்



பட்டமளிப்பு மேடையில் சாதனைகளைச் சொல்வது வழக்கம். இன்றைய பேச்சு, மதிப்பெண் பட்டியலில் பலரும் விரலால் மறைத்துக்கொள்ளும் ஒரு வரியைப் பற்றியது. முதல் பருவத்து இயற்பியல். அங்கி அணிந்து உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த வரி இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் தோற்ற பாடத்துக்கு அரியர் என்று பெயர். புனே கல்லூரிகளில் அதைக் கேடி என்பார்கள். தோற்ற பாடத்தைச் சுமந்தபடி அடுத்த பருவத்துக்குப் போக அனுமதி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. தமிழ்ப் பிள்ளையின் காதில் அந்தச் சொல் வசையாகவே விழும். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது அதைச் சொல்ல நா எழாது.

நாம் கூடியிருக்கும் இந்தப் புனே படிப்பின் ஊர். பெர்குசன் கல்லூரி 1885இல் தொடங்கியது, பல்கலைக்கழகம் 1949இல் வந்தது. பாஷாண் பகுதியில் இருக்கும் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் 2006இல் பிறந்தது. ஐசரின் ஐந்தாண்டுப் படிப்பை வகுத்தபோது ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்கள். உயிரியல் மேல் ஆசைப்பட்டு வந்தவரானாலும் சரி, வேதியியலுக்காக வந்தவரானாலும் சரி, தொடக்கப் பருவங்களில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கையும் படித்தாக வேண்டும் என்பதே அது. பட்டாம்பூச்சியை ஆராய வந்த பெண்ணின் முன்னால், முதல் மாதத்திலேயே சாய்தளத்தில் உருளை உருண்டு வந்து நிற்கும்.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். விடுதி அறை, இரவு பதினோரு மணி. பயிற்சித்தாளில் முதல் கேள்வி மிகச் சின்னது. ஒருவர் நாணயத்தைச் சுண்டிவிடுகிறார். அது கையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மீது செயல்படும் விசைகளை அம்புக்குறியிட்டுக் காட்ட வேண்டும். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மாணவி கீழ்நோக்கி ஓர் அம்பு போடுகிறாள், அது புவியீர்ப்பு. பேனா கொஞ்சம் தயங்குகிறது. பிறகு மேல்நோக்கி இன்னோர் அம்பு, முதலாவதைவிடச் சற்று நீளமாக. மேலே போகிறதே, மேலே தள்ளும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டுமே!

அந்த இரண்டாவது அம்பு தவறு. நாணயம் கையை விட்ட நொடியிலேயே கையின் விசையும் முடிந்துபோனது. மிஞ்சியிருப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். மேலே போகும்போது அது நாணயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. உச்சியில் நாணயம் ஒரு கணம் நிற்கும்போதும் இழுப்பதை நிறுத்துவதில்லை. இறங்கும்போது வேகத்தைக் கூட்டுகிறது. இரண்டாவது அம்பு போட்ட இந்த மாணவி, நுழைவுத்தேர்வில் இதைவிடப் பல மடங்கு சிக்கலான கணக்குகளைப் போட்டு வென்று வந்தவள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் இதே நாணயக் கேள்வியைப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு, 1982இல் முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலோர் இதே இரண்டாவது அம்பைப் போட்டிருந்தார்கள். இயக்கவியல் பாடத்தை முடித்துவிட்டு வந்தவர்களிலும் பெரும்பாலோர் அதையே போட்டிருந்தார்கள்.

அந்த அம்புக்கு நீண்ட வரலாறு உண்டு. இயங்கும் பொருளை ஏதாவது ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் கருதினார். எறிபவர் எறிபொருளுக்குள் ஒரு உந்துதலை ஊட்டி அனுப்புகிறார் என்று ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் ஃபிலோபோனஸ் வாதிட்டார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் பூரிதான் அதை இன்னும் செம்மைப்படுத்தினார். இந்த எண்ணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த நியூட்டனின் பிரின்கிப்பியா 1687இல்தான் வெளிவந்தது. பேரறிஞர்கள் விட்டு வெளியேற ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு எடுத்துக்கொண்ட ஒரு எண்ணத்தை, பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரே பருவத்தில் விட்டுவிட வேண்டும் என்கிறோம். விடாவிட்டால் மண்டையில் ஏறவில்லை என்கிறோம். இது பெரிய அநியாயம்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய கூட்டாளிகளும் 1992இல் ஒரு தேர்வை வெளியிட்டார்கள். அதில் கணக்கு எதுவும் கிடையாது. பெரிய லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற, தெருவில் நின்று கேட்கக்கூடிய கேள்விகள்தான் அதில் இருந்தன. ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எரிக் மசூருக்கு மாணவர்களிடையே நல்ல பெயர் இருந்தது. தன் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று நம்பித்தான் அவர் அந்தத் தேர்வின் முந்தைய வடிவத்தை வைத்தார். ஒரு மாணவி கையை உயர்த்திக் கேட்டாள்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?

அந்தக் கேள்வி மசூரின் வகுப்பையே மாற்றியது. தொடர் விரிவுரைக்குப் பதிலாக ஒரு கேள்வியை முன்னால் வைத்தார். ஒவ்வொருவரும் தனியாக விடை குறிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடையை நியாயப்படுத்திப் பேச வேண்டும். பேசி முடித்தபின் மறுபடியும் விடை குறிக்க வேண்டும். வகுப்பு சந்தைக்கடை போல இரையும். அந்த இரைச்சலில்தான் இரண்டாவது அம்பு விழுகிறது. ரிச்சர்ட் ஹேக் என்ற ஆய்வாளர் 62 வகுப்புகளில் 6,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வு முடிவுகளைத் திரட்டி 1998இல் ஒப்பிட்டுப் பார்த்தார். விரிவுரையை மட்டும் நம்பிய வகுப்புகள், எட்டியிருக்கக்கூடிய முன்னேற்றத்தில் சராசரியாக 23 விழுக்காட்டை எட்டியிருந்தன. மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகள் 48 விழுக்காட்டை எட்டியிருந்தன.

மொழியும் இதில் கலந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தாய்மொழியில் படித்துவிட்டு வருபவர் முதல் மாதத்தில் இரண்டு பாடம் படிக்கிறார்: ஒன்று இயற்பியல், இன்னொன்று ஆங்கிலம். ஆனால் அவர் வெறுங்கையோடு வரவில்லை. வட்டப்பாதையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்கும் முடுக்கம் உண்டு என்பதைப் பலராலும் முதலில் ஏற்க முடிவதில்லை. வேகம் மாறவில்லையே, முடுக்கம் எங்கிருந்து வந்தது? தமிழ்ப் பாடநூல் பயன்படுத்தும் சொல் திசைவேகம். திசை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கண்டாளா மலைப்பாதையின் வளைவில் பேருந்து திரும்பும்போது திசை மாறுகிறது, எனவே திசைவேகமும் மாறுகிறது, எனவே முடுக்கம் உண்டு. மராத்தி வழியில் படித்தவரிடமும் இப்படிச் சொற்கள் இருக்கின்றன. நிறைக்கு அவர்கள் வஸ்துமான் என்பார்கள், எடைக்கு வஜன் என்பார்கள். இவ்வளவு தெளிவான சொற்களைக் கைவசம் வைத்துக்கொண்டு, ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காக வகுப்பில் வாய் திறக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். அவர்களுடைய மௌனத்தை அறியாமை என்று எடுத்துக்கொள்வது நம்முடைய தவறு.

அந்த முதல் பருவத்துப் பாடம் இந்த ஊரில் தாளோடு முடிந்துவிடுவதும் இல்லை. வானியற்பியலாளர் ஜயந்த் நார்ளிகர் முதல் இயக்குநராக இருந்து 1988இல் உருவாக்கிய அயூக்கா என்ற வானியல் ஆய்வு மையத்தில் ஃபூக்கோ ஊசல் ஒன்று தொங்குகிறது. பூமி சுழல்வதால் ஊசல் ஆடும் தளம் மெல்ல மெல்லத் திரும்பும். துருவத்தில் அது முழுச் சுற்றை ஒரே நாளில் முடித்துவிடும். புனே இருக்கும் அட்சரேகையில் ஏறத்தாழ 75 மணி நேரம் ஆகும். அதே ஊசலைச் சென்னையில் தொங்கவிட்டால் ஏறத்தாழ 106 மணி நேரம். முதலாண்டு மாணவர் ஒருவர் சைன் அட்டவணையை வைத்துக்கொண்டு இதைத் தானே போட்டுப் பார்த்துவிடலாம். புனேக்கு வடக்கே, நாராயண்காவ் அருகில் கோடத் கிராமத்தில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்த மாபெரும் வானலைத் தொலைநோக்கி நிற்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்கள். தகடு போர்த்தாமல், எஃகுக் கம்பிவடங்களை இழுத்துக் கட்டி, அவற்றின்மேல் மெல்லிய கம்பிவலையை விரித்திருக்கிறார்கள். காற்று வலைக்குள் புகுந்து போய்விடுவதால் பாரம் குறைகிறது, செலவும் குறைகிறது. வடத்தின் இழுவிசை, காற்றின் அழுத்தம், திருப்புவிசை எல்லாம் பல பிள்ளைகளை அழவைத்த முதல் பருவத்துச் சமாச்சாரங்கள்தான்.

ஆகவே அந்தப் பாடத்தை நீக்கிவிடலாம் என்பது இந்தப் பேச்சின் கட்சி அல்ல. கடினமான பாடம் கடினமாகவே இருக்கட்டும். ரிச்சர்ட் ஃபைன்மன் 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் இளநிலை மாணவர்களுக்கு நடத்திய விரிவுரைகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றைத் தொகுத்த நூலின் முன்னுரையில் அவரே, மாணவர்களின் கண்ணோடு பார்த்தால் தான் அவ்வளவு நன்றாகச் செய்யவில்லை என்று ஒளிக்காமல் எழுதினார். நம் வகுப்பறைகளுக்கு அந்த நேர்மை வேண்டும். பாதி வகுப்பு தோற்கும் பாடத்தைத் தரத்தின் அடையாளமாகச் சொல்லிப் பெருமைப்படும் ஆசிரியர், அந்தப் பாதியில் எத்தனை பேர் இரண்டாவது அம்போடு வந்து இரண்டாவது அம்போடே போனார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பட்டம் பெறும் இளைஞர்களே, உங்களில் சிலர் ஆராய்ச்சிக்குப் போவீர்கள், பயிற்சி வகுப்பு நடத்தும் பொறுப்பு உங்கள் கைக்கு வரும். சிலர் ஆசிரியர் ஆவீர்கள். மற்றவர்களுக்கும் ஒரு தம்பியோ தங்கையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ கல்லூரியில் சேரும் நாள் வரும். பயிற்சித்தாளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் உங்களிடம் வருவார்கள். அதில் மேல்நோக்கி ஓர் அம்பு இருக்கும். சிவப்பு மையால் அதை அடித்துவிடாதீர்கள். ஏன் போட்டாய் என்று கேளுங்கள், தமிழோ மராத்தியோ அவர்களுக்கு வரும் மொழியில் சொல்லவிடுங்கள். சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டிக் காட்டுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.