வண்டி வந்தது, ஓட்டு வரவில்லை



சாத்தத்தில் வயல் கிடையாது. மர ஆலையும் படகுத்துறையும்தான். ஆனால் தமிழ்நாட்டில் தோட்டம் துரவை விட்டுக் கப்பல் ஏறி வந்த குடும்பங்கள் உங்களில் இருக்கும். அந்தத் தோட்டத்துக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை கிணற்றில் தொடங்குகிறது.

கோவைப் பக்கம் கிணறுகள் ஆழமானவை. முன்பு மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். பிறகு மின்சார மோட்டார் வந்தது. மாட்டுக்குத் தீவனம் போதும். மோட்டாருக்குப் பில் கட்ட வேண்டும்!

நாராயணசாமி நாயுடு 1925-இல் பிறந்தவர். ஊர், கோவைக்குப் பக்கத்தில் வையம்பாளையம். தொழில் விவசாயம். 1970-இல் மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனது. இரண்டு பைசாதானே என்று தோன்றும். மணிக்கணக்கில் மோட்டார் ஓட்டுகிறவரைக் கேட்டால் தெரியும். நாயுடு விவசாயிகளைத் திரட்டினார். பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டது. மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அரசு குறைத்தது எவ்வளவு தெரியுமா? ஒரு பைசா.

1972-இல் கட்டணம் மறுபடி ஏறியது. இந்தத் தடவை மாட்டு வண்டிகள் புறப்பட்டன. ஆயிரக்கணக்கான வண்டிகள் கோவை நகருக்குள் வந்து நின்றன. தெருக்கள் அடைபட்டன. போலீஸ்காரர் என்ன செய்வார்? லாரி என்றால் ஓட்டிக்கொண்டு போகலாம். மாட்டு வண்டியை ஓட்டப் பழக்கம் வேண்டுமே! அதே ஆண்டு ஜூலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மேலும் பல விவசாயிகள் இறந்தார்கள்.

கட்சிகளிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று. 1982-இல் நாயுடு தாமே கட்சி தொடங்கினார். பெயர் உழவர் உழைப்பாளர் கட்சி. அது பெரிதாக வளரவில்லை. வண்டி கட்டி வந்தவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கனவே ஒரு கட்சி இருந்தது, ஒரு சின்னம் இருந்தது. சங்கத்துக்கு நாயுடு, ஓட்டுக்குப் பழைய சின்னம் என்று இருந்துவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. கட்சியின் பெயரில் உழைப்பாளர் இருந்தார். ஆனால் கிணறே இல்லாத கூலியாளுக்கு மோட்டார் கட்டணம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

1984 டிசம்பர். தேர்தல் நேரம். கோவில்பட்டிக்குப் போன இடத்தில் நாயுடு இறந்தார். வயது 59.

1990 வாக்கில் தமிழ்நாட்டு விவசாயிகள் எல்லோருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அந்த உத்தரவைப் போட்டது, அவர்கள் ஓட்டுப் போட்டு வந்த பழைய கட்சிகளில் ஒன்று.