நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு

நீச்சல் பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்பதை எதை நம்பித் தீர்மானிப்பது? இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது.

1960, ரோம் ஒலிம்பிக். ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே சுவரைத் தொட்டார்கள். முதலிடத்தைக் கவனித்த மூன்று நடுவர்களில் இருவர் டெவிட் என்றார்கள். இரண்டாமிடத்தைக் கவனித்த மூவரில் இருவரோ, டெவிட் இரண்டாவது என்றார்கள். ஆக, மூன்றுக்கு மூன்று. ஸ்டாப்வாட்ச்கள் என்ன சொல்லின? லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. டெவிட்டுக்கு மூன்றிலும் 55.2. ஆனாலும் தலைமை நடுவர் தங்கத்தை டெவிட்டுக்குக் கொடுத்தார். லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதினார்கள்! முறையீடுகள் எடுபடவில்லை.

கண்ணையும் கட்டைவிரலையும் நம்பியது போதும் என்ற எண்ணம் வலுத்தது. 1967இல் வின்னிபெக் பான் அமெரிக்கப் போட்டியில் தொடுபலகை வந்தது. நீச்சல் வீரர் கை வைத்து அழுத்தியதும் கடிகாரம் தானே நின்றுவிடும்.

அடுத்த சோதனை 1972, மியூனிக்கில். 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீ இருவருக்கும் 4 நிமிடம் 31.98 நொடி. ஆயிரத்தில் ஒரு பங்குவரை பார்த்தார்கள்: 31.981, 31.983. தங்கம் குன்னர் லார்சனுக்கு.

கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. ஆனால் அந்த வேகத்தில் 0.002 நொடி என்பது சுமார் 3 மில்லிமீட்டர் தூரம். 50 மீட்டர் குளத்தின் ஒரு தடம் 10 மில்லிமீட்டர்வரை கூடுதலாக இருக்க இன்றைய விதியே இடம் தருகிறது. அந்தப் பந்தயமோ எட்டு நீளம்! கருவி அளந்தது நேரத்தை. நாம் அறிய விரும்பியது, சமமான தூரத்தை யார் விரைவாகக் கடந்தார் என்பதை. தடங்களே அவ்வளவு துல்லியமாகச் சமமில்லாதபோது, மூன்றாவது தசமத்துக்குப் பொருளில்லை.

நீச்சல் உலகம் இதை ஏற்றுக்கொண்டு, நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டது. அதனால்தான் 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் 51.14 நொடியில் வந்த மூவருக்கும் வெள்ளி கிடைத்தது.

இன்று ஜிபிஎஸ் உடுப்பு, இதயத்துடிப்புக் கடிகாரம் என்று எத்தனையோ கருவிகள். எதுவானாலும் இரண்டைக் கேளுங்கள். மறுபடி அளந்தாலும் அதே விடை வருமா? அது நம்பகத்தன்மை. நாம் அறிய விரும்புவதைத்தான் அளக்கிறதா? அது ஏற்புடைமை. இரண்டுக்கும் ஆதாரம் காட்டாத கருவியை நம்பி ஒரு வீரரின் தகுதியை முடிவு செய்வது அநியாயம்.