கும்பகர்ணன் ஏன் போகவில்லை?

அவைத் தலைவர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியவர்களே, இந்தக் கார்த்திகை மழையிலும் குடையை மடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பரிசு எப்போது கொடுப்பார்கள் என்று மேடையையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

‘கதை மாந்தர்’ என்று நூலக வார விழா அழைப்பிதழில் எனக்குத் தலைப்பு போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே 20 நிமிடம் என்றும் போட்டிருக்கிறார்கள். தலைப்பைக் காப்பாற்றிவிடுவேன். நிமிடத்துக்கு நான் பொறுப்பில்லை.

கும்பகர்ணன் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? சொல்லுங்கள். தூக்கம்! பார்த்தீர்களா, அந்தக் கடைசி வரிசைப் பையன்கூடக் கத்துகிறான். வீட்டில் அவனுக்கு அந்தப் பேர் இருக்கும் போல. நான் கேட்கிறேன், ஒருவன் குறட்டை விடுவதைச் சொல்லவா கம்பன் யுத்த காண்டத்தில் அத்தனை பாட்டு எழுதினான்?

எழுப்புகிறார்கள். எழுந்து வந்தவன் அண்ணனிடம் என்ன சொல்கிறான்? சீதையை விட்டுவிடு, நீ செய்தது தப்பு என்கிறான். ராவணன் கேட்டானா? கேட்கவில்லை, சீறுகிறான். சரி அண்ணா என்று ஆயுதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான் தம்பி. திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்தே கிளம்புகிறான். களத்தில் விபீஷணன் வந்து காலில் விழுகிறான். அண்ணா, வந்துவிடு. ராமன் உன்னை ஏற்றுக்கொள்வான். எனக்குக் கொடுத்த இலங்கை அரசையும் உனக்கே தந்துவிடுகிறேன் என்கிறான். கவனியுங்கள் ஐயா. உயிர் கிடைக்கிறது, ராஜ்ஜியம் கிடைக்கிறது, தர்மத்தின் பக்கம் நின்றான் என்ற நல்ல பேரும் சேர்ந்து கிடைக்கிறது. நம்மில் எத்தனை பேர் வேண்டாம் என்போம்? ஒரு வாரியத் தலைவர் பதவிக்கே இரவோடு இரவாகத் துண்டு மாறுகிற காலம் இது!

கைதட்டாதீர்கள், நேரம் என் கணக்கில் போகிறது.

அண்ணன் செய்தது தப்பு என்று தம்பிகள் இருவருக்குமே தெரியும். ஒருவன் போகிறான், ஒருவன் நிற்கிறான். என்னை இத்தனை நாள் வளர்த்து, இன்று போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் நான் அந்தப் பக்கம் வருவதா என்று கேட்கிறான் கும்பகர்ணன். கேட்டுவிட்டு அதே வாயால், நீ போ, நீ வாழ்ந்திரு, எங்களுக்கு நீர்க்கடன் செய்ய ஒருவன் வேண்டும் என்று தம்பியை அனுப்பியும் வைக்கிறான். அப்புறம் மூக்கு போய், கை போய், கால் போய்க் கிடக்கும்போது ராமனிடம் கேட்கிற வரத்தைப் பாருங்கள். மூக்கில்லாத இந்த முகத்தை யாரும் பார்க்க வேண்டாம், என் தலையைக் கடலில் தள்ளிவிடு என்கிறான். இன்னொன்றும் கேட்கிறான். ராவணன் கையில் விபீஷணன் அகப்பட்டால் கொன்றுவிடுவான், அவனைக் காப்பாற்று. எதிரணிக்குப் போன தம்பிக்காக எதிரியிடம் கையேந்துகிறான் ஐயா! இவனையா தூங்குமூஞ்சி என்கிறோம்? ஒருவன் குணம் அவன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதில்தான் வெளியே வரும்.

விபீஷணனைக் குறை சொல்ல நான் வரவில்லை. ரத்த பாசத்தை அறுத்துக்கொண்டு போவதும் லேசான காரியமில்லை. ஆனால் போன மாதம் பக்கத்து ஊர் மேடையில் ஒரு நடுவர், பேரெல்லாம் சொல்லமாட்டேன், கும்பகர்ணன் சோம்பேறி, யோசிக்கச் சோம்பல்பட்டு அண்ணனோடு ஒட்டிக்கொண்டான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். யோசிக்கச் சோம்பலாம்! அதே நடுவர்தான் அதற்கு முந்தைய வருஷம் கும்பகர்ணனே காப்பியத்தின் உச்சம் என்று வேறோர் ஊரில் தீர்ப்புச் சொன்னவர். இடையில் என்ன நடந்தது? கம்பராமாயணம் மாறியதா? அழைத்த கமிட்டி மாறியது. அவ்வளவுதான். அவர் குணமும் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் வெளியே வந்துவிட்டதா இல்லையா?

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். அவர் இப்போது திரைக்கதைப் பயிற்சி முகாம் வேறு நடத்துகிறார். என் உறவுக்காரப் பையன் காசு கட்டிப் போய்விட்டு வந்தான். ஒரு படிவம் கொடுத்தார்களாம். கதாநாயகனுக்குப் பிடித்த நிறம் என்ன, ரத்த வகை என்ன, இட்லியா தோசையா. அத்தனையும் நிரப்பினால் பாத்திரம் தயாராம். தம்பி, இது ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுக்கிற விண்ணப்பம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. காசு போன வருத்தம். இட்லியா தோசையா என்று கேட்டால் ஒருவனைப் பற்றி என்ன தெரியும்? கடைசி இட்லி ஒன்றுதான் இருக்கிறது, பக்கத்தில் பசியோடு ஒருத்தன் நிற்கிறான், இப்போது எடுப்பாயா என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் ஆள் வெளியே வருவான். நம் சினிமாவில் கதாநாயகன் வரும்போதே நூறு பேர் சுற்றி ஆடி, இவன் நல்லவன் வல்லவன் என்று பாடிவிடுகிறார்கள். அப்புறம் இரண்டரை மணி நேரம் அவன் எதையுமே தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. பாட்டிலேயே எல்லாம் முடிந்துபோயிற்று.

சரி, அவரை விடுங்கள். அவரைப் பற்றிப் பேசினால் விடிந்துவிடும். நான் பேச வந்தது ஒரு தாயைப் பற்றி.

1966. ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதுகிறார். மழைநாள். கல்லூரி விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற ஏழைப் பெண். ஒரு கார் வருகிறது. காரில் வந்தவன் அவளை ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அந்த விதவைத் தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டு அண்டை வீட்டார் என்னவென்று கேட்கிறார்கள். அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, தாய்மார்களே, அந்த ஒரு நிமிடத்தில்தான் கதையே இருக்கிறது. அவள் உண்மையைச் சொல்லவில்லை. மழையில் நனைந்து வந்திருக்கிறாள் என்று மழுப்பிவிடுகிறாள். மகளைக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். எல்லாம் போய்விட்டது, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் மேடை ஏறிப் புரட்சி பேசியவளா? படித்தவளா? ஆசாரத்தில் ஊறியவள். ஊர் பக்கம் நிற்பதா, மகள் பக்கம் நிற்பதா என்று வந்தபோது மகள் பக்கம் நின்றாள்.

அந்தக் கதைக்கு எவ்வளவு கண்டனம், எவ்வளவு கடிதம்! ஜெயகாந்தன் என்ன செய்தார் தெரியுமா? சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்று கேட்டு ஒரு நாவலே எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதே மழை, அதே கார், அதே பெண். இந்தத் தாய் மட்டும் மழுப்பாமல், நடந்ததை ஊர் கேட்க அலறிவிடுகிறாள். ஊருக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். கங்கா என்கிற பெண்ணின் மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு அலறலிலிருந்து தொடங்குகிறது. தாயின் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி வைத்தார். ஒரு சிறுகதை நின்ற இடத்தில் ஒரு பெரிய நாவல் எழுந்தது. 1972-இல் சாகித்ய அகாதமி விருது. பீம்சிங் படமாக எடுத்தார், லட்சுமிக்கு தேசிய விருது. ரத்த வகைப் படிவத்தை வைத்து இதை எழுத முடியுமா? முடியுமா ஐயா? அந்த நடுவர் எழுதிக் காட்டட்டும்!

மறுபடி அவரிடமே போகிறேன். மன்னியுங்கள்.

இந்த நாவலை நான் படித்தது நம் ஊர்க் கிளை நூலகத்தில். கொடுத்த நூலகர் யார் என்று சொன்னால் அவர் இப்போதே எழுந்து போய்விடுவார். பேர் சொல்லக்கூடாது என்று வாசலிலேயே சத்தியம் வாங்கிவிட்டார். நான்காவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார். அப்போது இந்த ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் நூலகத்துக்கு வந்து, பொம்பளைப் பிள்ளைகள் வருகிற இடத்தில் இந்தப் புத்தகம் இருக்கக்கூடாது, எடுத்து உள்ளே பூட்டு என்றார். நம் ஆள் என்ன செய்திருக்கலாம்? பூட்டியிருக்கலாம், வேலை பத்திரம். எதிர்த்துச் சண்டை போட்டிருக்கலாம், ஊர் பேசியிருக்கும். ‘ஐயாவே உறுப்பினர்தானே, ஐயா பேரிலேயே எழுதிக்கொள்கிறேன், எடுத்துப் போங்கள். அது உங்கள் வீட்டில் இருக்கிறவரை இங்கே யார் கண்ணிலும் படாது’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்! 15 நாள் கெடு. கெடு முடிந்து புத்தகம் வரவில்லை, புதுப்பிக்கச் சொல்லி ஆள்தான் வந்தது. மறுபடியும் வந்தது. பெரிய மனிதர் வீட்டம்மா படித்துக்கொண்டிருக்கிறார், அடுத்து மருமகள் கேட்கிறார்!

சிரிக்கிறீர்கள். அடுத்த வருஷமே நம் நூலகருக்கு மாறுதல் வந்தது. பஸ் போகாத ஊர். யார் சொல்லி வந்தது, எந்த அலுவலகம் போட்டது, அதெல்லாம் வேண்டாம். அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான் சொல்லாமல் விடமாட்டேன். பேரைச் சொல்லட்டுமா ஐயா? வேண்டாம் என்று கையைக் காட்டுகிறார். சரி.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். பார்த்துவிட்டேன் ஐயா. ஒரே ஒரு படம் சொல்லி முடிக்கிறேன்.

‘உதிரிப்பூக்கள்’, 1979. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யில் கிடைத்த பொறியை வைத்து மகேந்திரன் எடுத்தது. சுந்தரவடிவேலு என்று ஒரு மனிதன், விஜயன் நடித்திருப்பார். அவன் கத்தி எடுத்தானா, உருட்டிச் சிரித்தானா? ஒன்றுமில்லை. வேட்டி சட்டையில் அமைதியாக நடந்து போகிறவன். வீட்டுக்குள்ளே ஒவ்வொரு முறையும் எது அடுத்தவருக்கு வலிக்குமோ அதையே தேர்ந்தெடுப்பான். கடைசியில் ஊர் பொறுக்கமுடியாமல் அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறது. எல்லோரும் அவனையே பார்ப்பார்கள். நான் அந்த ஊர்க்காரர்களைப் பார்ப்பேன். அதுவரை நல்லவர்களாக இருந்தவர்கள் அவர்கள். இன்றைக்கு அவனை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறார்கள். அதை அவனே புரிந்துகொண்டு சொல்லிவிட்டும் போகிறான்: உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே, நான் செய்த தப்பிலேயே பெரியது இதுதான் என்கிற அர்த்தத்தில். அப்போதும் அவனுடைய இரண்டு குழந்தைகளும் கரையில் நிற்கின்றன. அவற்றை யார் கேட்டார்கள்? படத்தைக் கெட்டவன் அழிந்த கதை என்று சொல்கிறவர்கள் கடைசிக் காட்சிக்கு முன்னால் எழுந்து போயிருப்பார்கள். எனக்கு அது நல்லவர்கள் எடுத்த முடிவின் படம்.

பேசி முடித்துவிட்டேன். இனி வேலை.

சொத்து வரி ரசீதை வீட்டில் எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று நம்மிடம் வாங்குகிறார்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, இந்தியாவிலேயே முன்னோடிச் சட்டம் என்று மார்தட்டுகிறோம். நம் கிளை நூலகத்தில் வந்து பாருங்கள். இந்த மழைக்குக் கதை அலமாரிக்கு மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். ஜெயகாந்தன் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறார். வாங்கிய வரி எங்கே போயிற்று என்று கேட்டு ஒரு மனு எழுதி வாசலில் மேஜை மேல் வைத்திருக்கிறோம். நான்காவது வரிசைக்காரர் வரும்போதே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். முடிந்தவர்கள் 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேருங்கள், முடியாதவர்கள் கையெழுத்தையாவது போடுங்கள். குடையை எடுப்பதற்கு முன்னால் போடுங்கள்.