பல்கலைக்கழக வாயில்



க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில் பல வீடுகளிலே சர்க்கரைப் பொங்கல் பொங்குகின்றது. சில மாதங்கள் கழிந்து வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாளில், அவ்வீடுகளுட் பலவற்றிலே பேச்சு அடங்கிவிடுகின்றது. பரீட்சையிற் சித்தியெய்திய பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகவில்லை. முன்னே பாராட்டிய அயலவர், "பிள்ளை எங்கே பிழைவிட்டது?" என்று வினவுகின்றனர். இவ்வினா நியாயமானதுதானா என்பதையே இன்று சிறிது ஆராய விரும்புகின்றேன்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டில், சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களை முதல் உபவேந்தராகக் கொண்டு நிறுவப்பெற்றது. அக்காலத்தில் நாடு முழுமைக்கும் அஃது ஒன்றே. 1945ஆம் ஆண்டில், கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. உழவன் மகனும் தொழிலாளி மகளும் மேல்வகுப்புவரை கற்க வழி பிறந்தது. கற்போர் தொகை ஆண்டுக்காண்டு பெருகிற்று. பல்கலைக்கழக இடங்களோ அவ்வேகத்திற் பெருகவில்லை.

இன்றைய நிலை என்ன? 2022ஆம் ஆண்டுப் பரீட்சையிற் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தகைமை பெற்றோர் 1,60,000க்கும் மேற்பட்டவர்கள். அரச பல்கலைக்கழகங்களில் உள்ள இடங்களோ ஏறத்தாழ 45,000. தகைமை பெற்ற நால்வரில் ஒருவருக்கே இடம் என்பது பொதுக் கணக்கு. மருத்துவ பீடங்கள் அனைத்திலும் சேர்ந்து ஏறத்தாழ 2,000 இடங்களே இருத்தலால், அங்கே வாயில் இன்னும் ஒடுக்கமானது.

இடம் குறைவாகவும் வேண்டுவோர் மிகுதியாகவும் இருக்கும்போது, எவரை ஏற்பது என்பது பெருஞ் சிக்கலாகின்றது. 1970களின் தொடக்கத்தில் மொழிமூலத்தை ஒட்டிப் புள்ளிகளிலே வேறுபாடு செய்யப்பட்டது. அது தமிழ் மாணவர் உள்ளங்களிலே ஆழ்ந்த புண்ணை உண்டாக்கியதை வரலாறு அறியும். 1974ஆம் ஆண்டில் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமை வரிசைப்படியும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், எஞ்சிய 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன.

இவ்வரிசையை அமைக்க 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி என்னும் அளவு வழங்குகின்றது. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டுவதில்லை. ஒரு மாணவி இரு பாடங்களில் 75 புள்ளி பெறுகின்றாள் எனக் கொள்வோம். முதற் பாடத்தில் எல்லோருடைய சராசரி 45. இரண்டாவதிற் சராசரி 60. புள்ளிகளின் பரம்பலைக் காட்டும் நியம விலகல் இரண்டிலும் 15. சராசரியைக் கழித்து, மீதியை 15ஆல் வகுத்தால், முதற் பாடத்தில் அவளுக்கு 2, இரண்டாவதில் 1. கடினமான வினாத்தாளிற் பெற்ற 75, இலகுவானதிற் பெற்ற 75இலும் உயர்ந்ததாகின்றது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரியே மாணவரின் இறுதி அளவு.

இம்முறை அறிவார்ந்ததுதான். ஆயினும் அளப்போர் தவறினால் அளவும் தவறும். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்தமையால் பெருங் குழப்பம் விளைந்தது. அக்கணிப்பு முறை 2012ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தினால் நிராகரிக்கப்பட்டது. கணிப்புச் சரியாக அமைந்த ஆண்டுகளிலுங்கூட, வெட்டுப்புள்ளி தசமத்தின் நான்காம் தானம்வரை செல்கின்றது. அந்த நான்காம் தானத்தில் ஓர் இலக்கம் குறைந்த பிள்ளை, அறிவிலும் உழைப்பிலும் குறைந்த பிள்ளையாகுமோ? அவ்விடத்தில் முடிவு செய்வது பிள்ளையின் தரமன்று, கதிரைகளின் தொகையே.

மாவட்ட ஒதுக்கீடு பற்றியும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. "கூடிய புள்ளி பெற்ற எனக்கு ஏன் இடமில்லை?" என்கின்றான் கொழும்பு மாணவன். "ஆய்வுகூடமும் பௌதிக ஆசிரியரும் இல்லாப் பள்ளியிலே கற்ற என்னை அவனோடு ஒரே தராசில் நிறுப்பதா?" என்கின்றாள் முல்லைத்தீவு மாணவி. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆனால் உள்ள சோற்றைப் பங்கிடும் முறைபற்றியே நாம் வாதிட்டுக்கொண்டிருந்தால், உலை சிறிது என்பதை மறந்துவிடுவோம். பல்கலைக்கழக இடங்களைப் பெருக்குவதும், பின்தங்கிய பள்ளிகளுக்கு விஞ்ஞான, கணித ஆசிரியரை அனுப்புவதுமே நிலையான பரிகாரங்கள்.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சைக்கு மும்முறை தோற்ற இடமுண்டு. ஆயினும், பிள்ளையின் விருப்பத்தைக் கேளாமல், அயல் வீட்டாரின் வாய்க்கு அஞ்சி, மீண்டும் மீண்டும் அதே வாயிலில் நிறுத்தாதீர்கள். 1980ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகம் உண்டு. வெளிவாரிப் பட்டநெறிகள் உண்டு. ஆசிரியரை உருவாக்கும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரிகளும் உண்டு. இவற்றின் வழியே சென்று நாட்டுக்குப் பயன்பட்டு வாழ்வோர் பலர்.

வெட்டுப்புள்ளி வெளியாகும் அன்று பிள்ளையிடம் கணக்குக் கேளாதீர்கள். அருகில் இருத்தி, வழக்கம்போல் உணவு பரிமாறுங்கள். மேலே செய்ய வேண்டியதை மறுநாட் காலையில் ஆறுதலாகப் பேசலாம்.