கல்கத்தாவில் ஐந்து நாள்



சென்ற மார்கழியில் நானும், விடுதியில் என் அறைத்தோழனாக இருந்த நம்ம 'அண்ணாச்சி'யும் கல்கத்தா போய்வந்தோம். (2001-லேயே கொல்கத்தா ஆக்கிவிட்டார்கள், நம் வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை.) கோரமண்டலில் இரண்டாம் வகுப்புப் படுக்கை. தங்க ஒரே அறை, வாடகை ஆளுக்குப் பாதி. ராத்திரிக் குளிர் 13, 14 டிகிரிதான். ஒரு மஃப்ளர் போதும். விக்டோரியா மண்டபம், மைதானம், அருங்காட்சியகம் எல்லாம் கால்நடைதான். ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுத்த புது வெல்லத்தில் செய்யும் சந்தேஷ் குளிர்காலச் சரக்கு. அதற்கு மட்டும் கணக்குப் பார்க்கவில்லை.

ஹூக்ளியைக் கடக்க 2024-இல் ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ வந்துவிட்டது. முக்கால் நிமிஷத்தில் அக்கரை. அண்ணாச்சியோ, "அவ்வளவு அவசரமா எங்கடா போகணும்?" என்றான். சில ரூபாய்க்குப் படகுச் சீட்டு வாங்கினோம். 1943-இல் திறந்த ஹவுரா பாலம், ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அந்த அம்மாள் காலமாகி ஒன்றரை வருஷம். அதுவரை என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை. கரை வந்தது; மறுபடி சீட்டு எடுத்தோம். அன்று இருட்டும்வரை நான்கு தடவை போய்வந்தோம்.

அவனைக் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். வரும் தையில் மறுபடி போகிறோம். வர விரும்புகிறவர்கள் சாப்பாடு முடிந்ததும் அவனிடம் பெயர் கொடுங்கள். கணக்கும் அவன்தான் பார்க்கிறான்.