தோட்ட வீடுகளும் காலடிப்பேட்டையும்

சென்னையில் தோட்ட வீடு என்றால் கோட்டைக்கு வெளியே, பல ஏக்கர் தோப்பின் நடுவே, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் கட்டிக்கொண்ட மாளிகை. பெயரில் மட்டும்தான் அது வீடு. கணக்கும் சரக்கும் கோட்டைக்குள். காற்றும் விருந்தும் தோட்டத்தில்.

தொடக்கத்தில் அந்த வாழ்க்கை ஆபத்தானது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் நகரைப் பிடித்தார்கள். 1758–59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டார். 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகே தோட்ட வீடுகள் அச்சமின்றிப் பெருகின. அவை பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும் அடையாறு வரை பரவின. வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரம் வெள்ளைக்காரர்களுக்கு ஓய்வுநாள் இடமாக மட்டுமே இருந்தது.

ஆனால் அந்த மாளிகைகளின் வெண்மைக்கு மூலப்பொருள் வடக்கிலும் கிடைத்தது. எண்ணூர், பழவேற்காடு உப்பங்கழிகளின் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, அரைத்துச் சலித்தால் கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதில் வெல்லமும் கடுக்காய் நீரும் சேரும். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கரு, தயிர், நெய்கூட உண்டு. வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தால் செங்கல் தூண் சலவைக்கல் போலப் பளபளக்கும். சலவைக்கல் என்றே ஏமாந்த பயணிகள் உண்டு. கூரைக்கு மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியைக் கொட்டி இடித்து, தட்டோடு பதிப்பார்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார் இன்று அரிது. பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பிப்பதில் பணத்தைவிடப் பெரிய தடை அதுதான்.

இந்தத் தோட்ட வீடுகளில் தப்பியவை எவை? அழகால் தப்பியது குறைவு. ஒரு நிறுவனம் குடியேறியதால் தப்பியதே அதிகம். 1882-ல் ஹடில்ஸ்டன் தோட்டத்தைப் பிரம்மஞான சபை வாங்கியது. மௌப்ரே என்பவரின் வீடு 1890-ல் அடையாறு கிளப் ஆகி, இப்போது மெட்ராஸ் கிளப். ஜேம்ஸ் பிராடி 1790-களில் அடையாற்றங்கரையில் எழுப்பிய மாளிகையில் இன்று இசைக் கல்லூரி நடக்கிறது. கட்டியவரோ அதே ஆற்றில் மூழ்கி இறந்தார். வாரிசுகள் பிரித்துக்கொண்ட தோட்டங்கள் மனைகளாயின.

சட்டம் பிந்தித்தான் வந்தது, அதுவும் கொல்லைப்புற வழியாக. விளம்பரப் பலகை வழக்கில் உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழு, பலகைகள் மறைக்கக் கூடாத 467 கட்டடங்களைப் பட்டியலிட்டது. அண்ணா சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் முயற்சிக்கு எதிரான வழக்கில், அதே நீதிமன்றத்தின் 2010 ஏப்ரல் தீர்ப்பு அந்தப் பட்டியலையே பாதுகாப்புக்கு அடிப்படையாக்கியது. மாநிலத்தின் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது.

பட்டியலிடும் கண் மாளிகைக்குப் பழகியது, தெருவுக்குப் பழகவில்லை. ரயில்வேயின் 1856-ஆம் ஆண்டு ராயபுரம் நிலையத்தை எவரும் பாரம்பரியக் கட்டடமாக ஒப்புக்கொள்வர். உயர்ந்த தூண்கள் அதற்குச் சாட்சி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோடு நிலையத்துக்குப் புறப்பட்டது. வடசென்னையின் காலடிப்பேட்டைக்கு அப்படித் தூண்கள் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் கலெட், கம்பெனிக்குத் துணி வேண்டுமென்று நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. கலெட்பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. ஆளுநர் பெயர் மறைந்து காலடி நின்றது.

கலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவரின் காஞ்சி வரதர் பக்தியைக் கண்டு வியந்து, அவர் நாள்தோறும் அவ்வளவு தூரம் போகாமலிருக்க ஆளுநரே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலைக் கட்டுவித்தார் என்பது ஊர் வழக்கு. கம்பெனி நெசவாளர்களைத் தக்கவைக்கத் தறியோடு கோயிலும் தேவைப்பட்டது என்பதையும் ஆய்வாளர் கணக்கில் கொள்ளலாம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. தோட்ட வீட்டில் குடியிருந்தவரின் செல்வம் எந்தத் துணியிலிருந்து வந்ததோ, அந்தத் துணியை நெய்த பேட்டைகளில் இதுவும் ஒன்று. மாளிகையின் வரைபடத்தோடு பேட்டையின் தெரு வரைபடமும் சேர்த்து விரிக்கப்பட வேண்டியது அதனால்தான்.