சுங்கை நிப்பாவில் கண்ட கிருமி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நல்ல நாளும் அதுவுமாக நோயைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். எங்கோ ஆப்பிரிக்காவில் நடந்த கதையல்ல இது. நம் நாட்டில் நடந்தது.

1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணையாட்களுக்குக் காய்ச்சல் கண்டது. தலைவலி, மயக்கம், பிறகு நினைவே தப்பிவிடும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். பன்றியிலிருந்து கொசு கொண்டுவரும் நோய் அது. ஆகவே அப்படி நினைத்ததில் பெரிய குற்றமில்லை. புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. அந்தக் காய்ச்சல் என்றால் பிள்ளைகளைத்தானே அதிகம் பிடிக்கும்? இங்கே படுத்தவர்களோ பெரியவர்கள், அதுவும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். சீனர்கள்தாம் அதிகம்; பண்ணை வேலைக்குப் போன நம்மவர்களும் இருந்தார்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களையும் கொசு கடிக்கத்தான் செய்தது. அவர்களுக்கு இந்த நோய் வரவில்லை.

இதற்குள் லோரியில் ஏற்றி விற்ற பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்குக்கு வந்துவிட்டது. 1999 மார்ச்சில் சிங்கப்பூர் வெட்டுக்கொட்டகையில் 11 பேருக்குக் கண்டு, ஒருவர் இறந்தார்.

அந்த மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியிடம் எடுத்ததைக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்த்துப் பார்த்தார். புதிய கிருமி! அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் உறுதி செய்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே கிருமிக்கும் ஆயிற்று. நிப்பா யாரென்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள், அத்தாப்புக் கூரை வேய்ந்த மரம் என்பார்!

ராணுவத்தை விட்டுப் பத்து லட்சம் பன்றிகள் வரை கொன்றார்கள். நம் நாட்டில் இறந்தவர்கள் 105 பேர். பண்ணையே பிழைப்பென்று இருந்த குடும்பங்கள் ஒரே மாதத்தில் தெருவுக்கு வந்தன.

சரி, பன்றிக்கு எப்படி வந்தது? நம் மெர்சிங் துறையில் படகேறித் தியோமான் தீவுக்குப் போனவர்கள் உண்டல்லவா? அங்கே பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரித்து, அவற்றின் சிறுநீரைப் பிடித்தார் சுவா. வௌவால் கடித்துப் போட்ட ஜம்புப் பழத்தையும் எடுத்தார். இரண்டிலும் அதே கிருமி! பண்ணைகளில் பன்றிக் கொட்டிலை ஒட்டிப் பழமரங்கள் இருந்தன. கடித்த பழம் விழுந்தது, பன்றி தின்றது.

அதற்காக வௌவாலைக் கொல்லக் கிளம்பிவிடாதீர்கள். தியோமானில் டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதும் அதே வௌவால்தான் என்று 2017-இல் எழுதியிருக்கிறார்கள். டுரியான் வேண்டாமென்பவர் இங்கே கை தூக்குங்கள் பார்ப்போம்!

2018-இல் கேரளத்துக் கோழிக்கோட்டில் இதே நிப்பா வந்தது. அங்கே நடுவில் பன்றி இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கே தொற்றியது. நோயாளியைப் பார்த்துக்கொண்ட லினி என்ற தாதியும் போய்விட்டார், சின்னப் பிள்ளைகள் இரண்டை விட்டுவிட்டு.

அணில் கடித்த கொய்யா இனிக்கும் என்று நாமும் பிள்ளையில் பொறுக்கித் தின்றவர்கள்தாம். கடிபட்ட பழம் கீழே கிடந்தால் இனி எடுக்காதே தம்பி. மரத்தில் இருப்பதைப் பறி, கழுவித் தின்னு.

தடுப்பூசி? 2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டில் மனிதரிடம் ஒன்றைச் சோதிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சோதனைச்சாலைகளில் வேலை செய்ய ஆள் வேண்டும். முன்வரிசையில் அறிவியல் பரிசுக்குக் காத்திருக்கும் பிள்ளை நெளிகிறது, நான் உட்கார்ந்துகொள்கிறேன்.